வெளிச்சம் போதவில்லை

எட்டு மணிக்கு மின்சாரம் போனது,
அட்டவணையில் போட்டிருந்தபடியே.
நேர்காணல் நள்ளிரவோடு காலாவதி.
நேர்காணல் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்,
நேரே யாரும் இல்லை.

சாட்ஸ்வொர்த் மேட்டில் விளக்கோடு சேர்ந்து
சிக்னல் கோபுரமும் படுத்துவிடும்.
இறங்கி வந்து பெட்ரோல் பங்கின் ஓரம்
வண்டியை நிறுத்தினேன். ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது,
பம்புகளுக்கும் ஒற்றைக் குழல்விளக்குக்கும் மட்டும்.
மடியில் சான்றிதழ்க் கோப்பு, பழக்கதோஷம்.
கைப்பேசியில் இருபத்தொரு சதவீதம்.

பிறந்த ஆண்டைத் தேர்வு செய் என்றது.
உருட்டினேன்.
மகன் பிறந்த வருடம் போனது.
தையல் ஆலையில் சேர்ந்த வருடம் போனது.
அம்மா புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க
ஓட்டுப்போட விடியலிலிருந்து நின்ற வருடம் போனது.
இன்னும் கீழே, இன்னும் கீழே,
லிஃப்ட் நிலவறைக்கு இறங்குவதுபோல.
எழுபத்தெட்டு வந்தபோது
விரல்நுனி சுட்டது.

பிறகு அந்தக் குரல்.
என்னைவிட இளையது, எச்சில் விழுங்காதது.
என் பெயரை மூன்றாக உடைத்து
ஒரு துண்டைக் கீழே விட்டுவிட்டுச் சொன்னது:
வாழ்த்துகள், கோ, ஜிலம்.
திருத்துவதற்குப் பொத்தான் இல்லை.

யோசிக்க முப்பது நொடி, பேசத் தொண்ணூறு.
திரையில் முட்டை வடிவில் ஒரு கோடு.
இதற்குள் முகத்தை வை.
வைத்தேன்.
முகம் தென்படவில்லை.
மோவாயைத் தூக்கினேன், கண்ணாடியைக் கழற்றினேன்.
முகம் தென்படவில்லை. வெளிச்சம் போதவில்லை.

இந்த நிறத்தோடு நாற்பத்தாறு வருடம் இருந்திருக்கிறேன்.
எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம் என்று
இதைப் பார்த்து ஒரு காலத்தில்
ஆள் வைத்துச் சொன்னார்கள்.
இதற்கு ஆளும் தேவையில்லை,
வெறுப்பும் தேவையில்லை.

ஜன்னலைத் தட்டினான் பெட்ரோல் போடுகிறவன்.
மார்பில் தைத்த பெயர்: ம்தோகோசிசி.
எவ்வளவுக்கு, ஆன்ட்டி?
பெட்ரோல் வேண்டாம், முகம் வேண்டும் என்றேன்.
சிரிக்கவில்லை அவன். குனிந்து திரையைப் பார்த்தான்.
ரிவர்ஹார்ஸ் கிடங்கு வேலையா?
போன வாரம் எனக்கும் இதே பெண்தான்.
மூன்றாவது கேள்வி கூட்டாக உழைத்தது பற்றி,
கதை ஒன்று தயாராக வைத்துக்கொள்.

எஞ்சினுக்குள் எட்டிப்பார்க்கும் டார்ச்சை எடுத்து,
கண் கூசாமலிருக்க
கண்ணாடி துடைக்கும் துணியைச் சுற்றினான்.
முட்டைக்குள் ஒரு முகம் வந்தது.
கோடு பச்சையானது.

முதல் இரண்டுக்கும் ஏதோ சொன்னேன்.
மூன்றாவதுக்குத் தையல் வரிசையைச் சொன்னேன்:
சட்டைக் கை எனக்கு, காலர் ஷமீமாவுக்கு,
பொத்தான் நொம்வுலாவுக்கு,
நொம்வுலாவுக்குப் பிரசவ வலி வந்த நாளில்
பொத்தானும் எங்களுக்கு

அப்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
பொறு என்று கை காட்டினான், விளக்கு அசையாமல்.
அந்தக் கை திரைக்குள் வந்துவிட்டது.

இன்னொருவர் தென்படுகிறார்.
இந்தக் கேள்விக்கு
நீங்கள் தனியாக இருக்க வேண்டும்.

கையை இழுத்துக்கொண்டான்.
டார்ச் அங்கேயே நின்றது, மூச்சுப் பிடித்தபடி.
பொத்தானும் எங்களுக்கு என்று
மறுபடி ஆரம்பித்தேன். நொடி தீர்ந்திருந்தது.

சமர்ப்பிக்கப்பட்டது.
மீதி நான்கு சதவீதம்.

உனக்கு என்ன பதில் வந்தது?
கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம் என்று வந்தது.
இரவு இரண்டு மணி, ஆன்ட்டி.
நான் அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.
அந்நேரம் யார் விழித்திருந்து வருந்தியது?

ஐம்பது ராண்டுக்குப் போடு என்றேன்.
பம்பில் எண்கள் ஓடின.
உன் பெயர் என்ன என்றான். சொன்னேன்.
கோகிலம் என்றான், ஒன்றும் உடையாமல்.
அவன் பெயரை நான்
இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.
மூன்றாவதற்குள்
லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்துவிட்டான்.