பதினோராம் நாள், காயா

பாலத்துக்கு இந்தப் பக்கம்
லாரிகள் வரிசை.
என் வண்டியில் இருநூற்றுப் பத்து மூட்டை
கல்மி வெங்காயம், ஊதா நிறம்.
நேற்றிலிருந்து சாக்கின் கண்கள் வழியே
முளை எட்டிப் பார்க்கிறது.

சக்கர நிழலில் தேநீர் கொதிக்கிறது.
"கூட்டமைப்பா அது? கழுத்துக் கயிறு.
அறுத்தெறிந்தோம், பீடை விட்டது"
என்கிறான் சூமானா.
"கயிறுதான்.
வாளி கிணற்றுக்குள் இருக்கும்போதா அறுப்பார்கள்?"
என்கிறான் பூபே.
முதல் சுற்றிலேயே குரல் ஏறிவிட்டது.
மூன்றாவதில் யாரோ யாரையோ
துரோகி என்றார்கள்.
சர்க்கரை தீர்ந்திருந்தது.

அக்கரையில் மாலன்வில்.
அங்கும் இதே பிராங்க்,
இதே டெண்டியில் பேரம்.
சூமானாவின் இளைய மனைவி
அங்கேதான் துணி காயப்போடுகிறாள்.
கொடிகளில் எது அவளுடையது என்று
அவனுக்குத் தெரியும்.
எங்களிடம் சொல்லமாட்டான்.

சரக்குக்காரி ரமாத்து
இதுவரை வாய் திறக்கவில்லை.
அழுகியதைப் பொறுக்கிப் பொறுக்கி
ஆற்றில் வீசிக்கொண்டிருந்தவள்
கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"வெளியேறிவிட்டோம் வெளியேறிவிட்டோம் என்கிறீர்களே,
யாரப்பா வெளியேறியது?
பதினோரு நாளாய் என் மூட்டை
ஒரு சாண் நகரவில்லையே."

பூபே கெட்டிலின் மூடியைத்
திறந்து பார்த்தான், மூடினான்.

அவள் வீசியதில் ஒன்று நல்ல வெங்காயம்.
சூமானாதான் பார்த்தான்.
முழங்கால் தண்ணீர்வரை இறங்கிப்போய்
எடுத்தான்.
எடுத்த பிறகும்
கொஞ்ச நேரம்
அங்கேயே நின்றான்.