எட்டில் ஏழு மேகம்

சதர்லாந்து மேட்டில் ஜூன் மாதம்.
கூரையை மூடியாயிற்று. காற்றில் ஈரம் தொண்ணூற்றிரண்டு.
பதிவேட்டில் எழுதினேன்: எட்டில் ஏழு மேகம்.
மீதி ஒன்றில் ஏதோ ஒரு விண்மீன்
யாரும் பார்க்காமல் எரிந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட இரவுகளில்தான் நாங்கள்
பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றிப் பேசுவோம்.
வானம் திறந்திருந்தால் வேலை இருக்கும்.
ஊழி எப்போது முடியுமோ தெரியாது,
ஊழியம் ஆறரைக்கு முடியும்.

புதிதாக வந்த தெபொஹோ
பலகையில் இரண்டு கோடு போட்டான்.
ஒன்று ஏறிக்கொண்டே போனது.
அது குளிர். விண்மீன்கள் ஒவ்வொன்றாய் அணைந்து
கடைசிக் கருந்துளையும் ஆவியாகி
அப்புறமும் காலம் இருக்கும்,
எண்ணத்தான் எதுவும் இருக்காது.
மற்றது ஏறி, தயங்கி, வளைந்து இறங்கியது.
"தள்ளுகிற விசை தளர்கிறதோ என்று சந்தேகம்.
தளர்ந்தால் எல்லாம் ஒரு புள்ளிக்குத் திரும்பலாம்.
அங்கிருந்து மறுபடியும்கூட."
அந்தக் 'கூட'வில் மட்டும்
சம்பளத்தைக் குதிரைமேல் கட்டியவன் குரல்.

கருவிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற வந்த சார்லினா க்ளாஸ்தே
வாசலிலேயே நின்றாள்.
"மறுபடி என்றால், இதே மாதிரியா?"
"போதுமான தடவை கலைத்துப் போட்டால்
சீட்டுகள் ஒருநாள் இதே வரிசையில் விழும்."
"அப்போ அந்த லாரியும் வரும்."

எந்த லாரி என்று அவன் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
மைக்கிஸ்ஃபொன்டெய்ன் சாலை, உறைபனி பிடித்த வளைவு,
ஆட்டு ரோம மூட்டைகள்,
அவள் தம்பி விலெம்.
புது ஹெல்மெட் வீட்டில், பெட்டி பிரிக்காமல்.

கையுறையைக் கழற்றிவிட்டுப் பலகைக்கு வந்தாள்.
வளைந்த கோட்டின் உச்சியில் விரல் வைத்து
மெல்ல இறங்கினாள்.
"இங்கே வரும்போது எல்லாம் பின்னோக்கி நடக்குமா?
எழுந்து, வண்டியை நிமிர்த்தி, வீட்டுக்கு வருவானா?"
"இல்லை," என்றான் தெபொஹோ.
"இறங்கும்போதும் காலம் முன்னேதான் போகும்."
"அப்போ எனக்குக் குளிரே போதும்."

ஊற்றப் போனாள். வெள்ளைப் புகை
அவள் கணுக்காலைச் சுற்றிவிட்டுக் கலைந்தது.

மூன்று மணிக்கு மேல், காபி ஆறிப்போனபின்,
எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:
"போதுமான தடவை என்றாயே.
அதில் ஏதாவது ஒன்றில்
ஹெல்மெட்டை அவன் போட்டிருப்பான், இல்லையா?"

தெபொஹோ என்னைப் பார்த்தான்.
நான் ஈரமானியைப் பார்த்தேன்.
"போட்டிருப்பான்," என்றான்.

3.40. ஈரம் எழுபத்தெட்டு. எட்டில் மூன்று.
கூரை திறந்தது,
வழக்கம்போல் பாதியில் ஒருமுறை சிக்கிக்கொண்டு.