மஞ்சள் பேட்டரி

சாட்ஸ்வொர்த் கடையில் ஒரு மணி நேரம்.
நீலம் கையில் அதிராது என்கிறான் மூட்லி பையன்.
விலை அதிர்கிறது.

வயர் வைத்தது மலிவுதான்.
கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில்
வயர் ஒரு மூடநம்பிக்கை.

மஞ்சள் முரடு, கத்தும்.
ஆனால் வீட்டில் மஞ்சள் சார்ஜர், பேட்டரி இரண்டு:
பூபாலன் போகும்போது டிரில்லை எடுத்துக்கொண்டு
மறந்துவிட்டுப் போனவை.
அவன் தேர்ந்த நிறத்துக்கே
இன்னும் எத்தனை வருஷம் நான் காசு கட்ட?

குளியலறை நிலையின் அடியில்
அரை விரல் அறுத்தால் டைல் நுழையும்.
எனக்கு வேண்டியது அவ்வளவே.

மஞ்சளையே வாங்கினேன்.

நிலையை அறுத்தபின் உப்புத்தாள் மாட்டி
ஒரு பேட்டரியின் பலத்தில்
மற்றதில் கீறியிருந்த அவன் பெயரைத் தேய்த்தேன்.
பிறகு, மாற்றிப் போட்டு,
இதிலிருந்ததை.