நடுவில் நடந்தது

ஆகஸ்ட் கடைசி. ஃபிரிக்டால் சரிவு.
குளிர்ப்பெட்டிக்குள் இருபது கண்ணாடிக் குழாய்,
குழாய்க்கு ஐம்பது குளவி,
ஒவ்வொன்றும் கடுகில் பாதி.
“இவ்வளவுதானா?” என்கிறார் வெரேனா ட்ரையர்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்க்கிறார்,
இறக்கிப் பார்க்கிறார்.

போன மாதம் கண்ணாடி தேவைப்படவில்லை அவருக்கு.
வெளியே மினுக்கம், உள்ளே கூழ்:
மூன்று தொன் செர்ரியைத் திருப்பி அனுப்பினார்கள்.
பழம் அழுகட்டும் என்று காத்திருக்காத ஈ.
வாலில் அரம்.
பழுக்கிற தோலையே அறுத்து முட்டை வைக்கும்.
வலை கட்டினார், ஆலங்கட்டி கிழித்தது.
வினிகர்ப் பொறி வைத்தார்,
நிரம்பியது, ஊற்றினார், நிரம்பியது.

ஈ எவரையும் கேட்காமல்
ஏதோ ஒரு பழக்கூடையில் வந்திறங்கியது.
அதன் ஊரிலிருந்தே குளவியை அழைக்க
ஆண்டுக்கணக்கில் விசாரணை.
வேறு எதைத் தின்பாய்?
பனியைத் தாங்குவாயா?
இங்குள்ளவற்றோடு ஒத்துப்போவாயா?
படிவத்தைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.
என் கோப்பு இதைவிடத் தடிப்பு.

செர்ரி மரங்களைத் தாண்டி நடக்கிறேன்.
வேலியோரம், ஹோலுண்டர் புதரடியில்
குழாயைப் பக்கவாட்டில் கிடத்திப் பஞ்சை உருவுகிறேன்.
“நான் காசு கட்டியது என் மரத்துக்கு.
அதுவும் அறுவடை முடிந்த பிறகா?”
“ஈக்கு இந்தப் புதர்தான் வீடு.
உங்கள் மரம் கடை.”
பதில் பிடிக்கவில்லை. பெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டார்.
“கொட்டுமா?”
“மனிதரைக் கொட்டத் தெரியாது.”

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்.
கணக்குப் பிழைத்த நாளெல்லாம்
பிரம்போடு சேர்த்துக் கேட்ட பழமொழி.
யாரோ ஒருவர் கூட்டருகே குந்தியிருந்திருக்கிறார்.
புழு உள்ளே போனதைக் கண்டார்,
குளவி வெளியே வந்ததைக் கண்டார்,
நடுவில் நடந்ததைக் காணவில்லை.
நடுவில் நடந்ததற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பறித்த ஹோலுண்டர் பழம்
தயிர் டப்பாக்களில், மணல் மேல், வலைத்துணி மூடி
நான்கு வாரம்.
வெரேனாவின் சமையலறை மேசையில் எண்ணினேன்:
ஈ, இருநூற்றுப் பன்னிரண்டு.
குளவி, ஒன்பது.
அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சீனி போடாத காப்பி.
“ஒன்பது.”
“முதல் வருடம்,” என்றேன்.
நானே நம்புகிற குரலாய் அது இல்லை.

லென்ஸை என் கையிலிருந்து வாங்கி
காலிக் கூடுகளை ஊசிநுனியால் புரட்டினார்.
ஈ போன கூட்டில் மூடி ஒன்று
கதவுபோல ஒழுங்காய்த் திறந்திருக்கும்.
அப்படித்தான் ஒன்று, இரண்டு, பதினேழு.
நின்றார்.
“இது கதவால் போகவில்லை.
சுவரைக் கடித்திருக்கிறது.”

மேசையெல்லாம் தேடினோம்.
பத்தாவது
ஜன்னல் கண்ணாடியில், தோட்டம் தெரிகிற பக்கம்
ஏறிக்கொண்டிருந்தது.
வெரேனா எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்தார், குளிர் உள்ளே வந்தது.