திமிசு போட்ட மண்

மூன்று மாதமாய் என் எந்திரம்
தார்ப்பாய்க்குள் தூங்குகிறது.
ஆன்யாங்கின் வடக்கே
பதினெட்டு மாடிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது
வாளியின் பல் சற்றே வழுக்கியது.
பாறையில்லை, களிமண்ணும் இல்லை.
கைப்பிடி வழியாக ஏறிய அதிர்வு சொன்னது:
யாரோ திமிசு போட்டு இறுக்கிய மண்.

தொல்லியல்காரர்கள் வந்து கயிறு கட்டினார்கள்.
சம்பளம் நின்றது.

யாரந்த ஆள், என் கூலியில் கை வைத்தவன்?
கேட்டுவிடலாமென்று
ஞாயிறு காலை ரயிலடிக்குப் பின்னால்
பழைய புத்தகக் கடைக்குப் போனேன்.
ச்சூ பாவ்லின் எதையும் எடை போட்டுத்தான் விற்பார்.
சரித்திரமும் சமையல் குறிப்பும்
அவர் தராசில் ஒரே விலை.

முதலில் கையில் வந்தது ஒரு பளபளப்பு.
பக்கத்துக்குப் பக்கம் அரசர்கள்,
ஒருவர் காலிலும் சேறில்லை.
அடுத்தது பள்ளிப் பாடநூல்.
ஹான் காலம்வரை எல்லோருக்கும் மீசை வரைந்த பையன்
அதற்குப்பின் அலுத்துப்போயிருக்கிறான்.
இன்னொன்றில் எந்தக் கேள்விக்கும் தயங்காத குரல்,
எங்கள் கட்டட முதலாளியின் குரல்.
வைத்துவிட்டேன்.

"யாரைத் தேடுகிறாய்?" என்றார் பாவ்லின்.
"திமிசு பிடித்தவனை."

தலையைச் சொறிந்தார்.
முக்காலியின் ஆடும் காலுக்கு அண்டக் கொடுத்திருந்ததை
உருவி நீட்டினார்:
அட்டை போன அகழாய்வு அறிக்கை,
நானூறு கிராம்கூட இல்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் கோட்டோவியம்,
அளவு குறைக்காமல் வரைந்தது.
அடுக்கடுக்காய் மண்,
அடுக்குதோறும் சின்னச் சின்னக் குழிகள்.
என் கட்டைவிரலை ஒன்றில் வைத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
கீழே ஒரு வரி:
எத்தனை பேர் இடித்தார்கள், தெரியவில்லை.
புரட்டினேன், மறுபடி தெரியவில்லை.
ஆறு இடம்வரை எண்ணிவிட்டுக்
காசைக் கொடுத்தேன்.
முக்காலி அன்றிலிருந்து ஆடுகிறது.

இரவில் வாசிக்கிறேன்.
அரசனுக்குப் பெயர் இருக்கிறது,
அவனோடு புதைத்த நாயின் எலும்புக்கும் எண் இருக்கிறது.
இடித்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்
என்பதற்கு ஒரு சொல் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
அங்கேயுமா?

நேற்று மேஸ்திரி கூப்பிட்டார்,
கிழக்கு மூலையில் மட்டும் தோண்டலாமாம்.
தார்ப்பாயை உதறினேன். இரண்டாம் முறை உயிர் வந்தது.
வாளியை இறக்கினேன்,
மண்ணைத் தொடுமுன் நிறுத்தி,
பிறகு ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை.

"என்ன யான்பிங்," கத்தினார் மேஸ்திரி,
"பூனைக்குப் பால் ஊற்றுகிறாயா?"