மேலதிக நேரம்

ஆளுக்கு எட்டு வரி போதும் என்றார் செயலாளர்.
கழகத்தின் அறுபதாம் ஆண்டு மலர்,
படம் ஒன்று, பக்கத்தில் பந்தி.
எல்லாரையும் ஒரே இரவில் முடித்துவிட்டேன்.
றெமீஜியசை மட்டும் மூன்று நாளாய்
எழுதுகிறதும் வெட்டுகிறதும்.

பெயர்: சவிரிமுத்து றெமீஜியஸ், குருநகர்.
இடம்: பந்துக்காப்பாளர்.
சம்பளத்துக்கு விளையாடிய ஆட்டம்: ஒன்று.
அதிலும் இருபத்தேழு நிமிடம்.
விட்ட கோல்: இல்லை.

மலருக்கு இவ்வளவுதான். மிச்சம் இங்கே.

பாதை திறந்திருந்த வருசம்.
முகமாலையில் இறங்கிப் பையைக் காட்ட வேணும்,
இரண்டு தரப்புக்கும்.
கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் விரல் விட்டுத் தேடினார்களாம்.
இதென்ன?
கோல் காக்கிறது.
ஒரு பக்கத்தான் சிரித்தான், மற்றவன் சிரிக்கவில்லை.
எவன் எந்தப் பக்கம் என்று
றெமி இன்றுவரை சொல்லவில்லை.

கொழும்பில் தெரிவு ஆட்டம், பிறகு மாலே.
மாதம் முன்னூறு டொலர், சோறும் அறையும் அவர்களுடையது.
கரைவலை இல்லாத கடலைப் பார்த்தால்
என்னவோ போல இருக்குது மச்சான் என்றான்.
ஞாயிறு பின்னேரம் கொமினிகேசனுக்கு எடுப்பான்.
மழையா அங்கே?
எத்தனை விட்டாய்?

ஏழு வருசம் அவனுக்குப் பின்னால்
வாங்கில் தேய்த்தவன் நான்.
அவன் விமானம் ஏறிய கிழமை
முதுகில் ஒன்று போட்ட சட்டை எனக்கு வந்தது,
தோள் இரண்டு விரல் பெரிது.
அந்தப் பருவம் பத்தொன்பது விட்டேன்.
அவனிடம் பன்னிரண்டு என்றேன்.

அங்கே அவனும் வாங்கிலில்தான்.
முன்னால் நின்ற நைஜீரியாக்காரன்
வாசல் நிலைக்குக் குனிகிற உயரம்,
தடிமன்கூடப் பிடிக்காத உடம்பு.
ஒருநாள் அவனே கம்பத்தில் மோதி விழுந்தான்.
அறுபத்து மூன்றாம் நிமிடம்
றெமியைக் கூப்பிட்டார்கள்.

பந்து வரவில்லை.
எதிரணி ஐந்து வாங்கிக் களைத்துப்போய்
நடுக்கோட்டையே தாண்டவில்லை.
தன் ஆள் திருப்பிவிட்ட ஒரே பந்து,
அதையும் காலால்தான் அடிக்க வேணும், சட்டம்.
அன்று கையுறை கழுவத் தேவைப்படவில்லை.

ஒப்பந்தம் நீளவில்லை.
சுவர் மணிக்கூடும் பால்மா ரின்னுமாக
வந்து சேர்ந்தான். ஒருவரும் கேட்கவில்லை.
நான் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்,
கொடுக்கும்போது சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது.

நேற்று விடிய ஐந்து மணிக்கு இறங்குதுறைக்குப் போனேன்.
ஐஸ் லொறியின் பலகையில்
பாளம் பாளமாய்ச் சறுக்கி வருகிறது.
கீழே நின்று மறிக்கிறான்,
இரண்டு உள்ளங்கையும் பாளத்துக்குப் பின்னால்,
நெஞ்சு கைக்குப் பின்னால்.
நானும் அப்படித்தான் படித்தேன், எனக்கு வந்ததில்லை.

மலருக்கு ஒரு விசயம் சரிபார்க்க வேணும்,
இருபத்தேழு நிமிடம்தானே?

அடுத்த பாளம் வந்தது. நிறுத்தினான்.
சாக்கில் கை துடைத்தான்.

முப்பத்தொன்று.
நடுவர் நாலு நிமிடம் கூட்டிவிட்டவர்.
எழுதினால் அதையும் எழுது.

செயலாளர் கேட்டால் அச்சுப்பிழை என்பேன்.