பில் எண் 317

மஞ்சக்குப்பம் கோர்ட்டு. புதன் மதியம் மூன்று.
ரிமாண்டுக் காகிதம் சொல்கிறது:
தேசிங்கு, வயது இருபத்தாறு, தேவனாம்பட்டினம்.
கைது இன்று காலை ஆறு மணி,
கெடிலம் பாலத்தடியில்.
தப்பி ஓடுகையில் வழுக்கி விழுந்து
இடது மணிக்கட்டில் முறிவு.

அந்தப் பாலத்தடியில் எல்லோரும்
வழுக்கித்தான் விழுகிறார்கள்.
பதினோரு வருஷம் இலவச சட்ட உதவியில் இருக்கிறேன்,
ஒரு சித்திரையில் போய்ப் பார்த்தேன்:
காய்ந்த மணல், முள்.
வழுக்குவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவன் அக்கா அஞ்சலாட்சி
ஏலத்திலிருந்து நேராக வந்திருந்தாள்,
புடவை ஓரத்தில் செதில்.
செல்போன் உறைக்குள்ளிருந்து உருவிக் கொடுத்தாள்
பரோட்டாக் கடை பில் ஒன்று.
இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், பார்சல்.
திங்கள் இரவு 9.47.

"ஸ்டேஷன்ல குடுத்தேன் மேடம்.
தம்பிய கண்ணுல காட்டல.
ஏட்டு வாங்கிக்கிட்டாரு."

காகிதப்படி ஒன்பது மணி நேரம்.
பில்லின்படி நாற்பத்தொன்று.
அரசியல் சட்டத்தை எழுதியவர்கள்
இந்த ஒன்றை மட்டும்
நாள் கணக்கில் எழுதவில்லை,
மணிக் கணக்கில் எழுதினார்கள்.
இரவு எவ்வளவு நீளமென்று
உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாஜிஸ்திரேட் பில்லைத் திருப்பிப் பார்த்தார்.
"இது, இந்தம்மா பரோட்டா வாங்கியதற்குச் சாட்சி.
வேறு எதற்கு?"
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.
அவரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அவனைக் கேட்டார்:
திங்கக்கிழமை ராத்திரி என்னப்பா சாப்பிட்ட?

"ரெண்டு பரோட்டாங்கய்யா."
ஆம்லெட்?
"எந்த ஆம்லெட்டுங்கய்யா?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.
உடன் வந்த ஏட்டு
தன் பூட்ஸின் நாடாவைப் பார்த்தார்.
ஒரு முட்டை அளவுக்கு
உண்மை வெளியே வந்திருந்தது.

ஸ்டேஷன் கேமரா பதிவு, திங்கள் முதல்.
"பழுதுங்கய்யா."
எந்தத் தேதியிலிருந்து பழுது,
யாரிடம் புகார் செய்தீர்கள்,
எழுதிக் கொடுங்கள், நாளைக்குள்.
எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, அறிக்கை என்னிடம் நேராக.
குரலை உயர்த்தவில்லை.
டைப்பிஸ்ட் ஒரு தடவை நிறுத்தி
மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

பெரிதாய் ஒன்றும் நடந்துவிடவில்லை.
இன்றிரவு அவன் கேப்பர் மலை ஜெயிலில் இல்லை,
அரசு ஆஸ்பத்திரியில், விலங்கில்லாமல்.
அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலாட்சி கேட்டாள்,
"அந்த பில்லு திரும்பக் கெடைக்குமா மேடம்?"
கிடைக்காது, கட்டில் கோத்துவிட்டார்கள்.
அவளிடம் சொல்லாதது:
அந்த மாதிரித் தாளில் எழுத்து
ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.
வழக்கு அதைவிட மெதுவாக நடக்கும்.

எதிரே ஜெராக்ஸ் கடையில்
நான்கு நகல் எடுத்திருக்கிறேன்.
எட்டு ரூபாய்.
அதற்கும் பில் கேட்டேன்,
நேரத்தோடு.